கொல்லைக் கோழிக்குக் கூளம்: பினாங்கு மழைக்கும் புழுக்கத்துக்கும் தாங்குகிற முழு வழிகாட்டி

கோழிக்கூண்டின் தரையில் பரப்புகிற கூளமாக எதைப் போடுவது என்று இணையத்தில் தேடினால் வருகிற ஆலோசனைகளில் முக்கால்வாசி பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியவை. குளிர் புகாமல் எப்படி அடைப்பது, வைக்கோலை எவ்வளவு உயரத்துக்குக் குவிப்பது, தண்ணீர் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்கள் கவலை. ஆயர் ஈத்தாமிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ நமக்கு அதில் ஒன்றுகூட இல்லை. பகலில் 32, 33 டிகிரி, சாயங்காலம் ஒரு பேய் மழை, அப்புறம் ராத்திரி முழுக்கப் புழுக்கம். இங்கே கோழிக்கு எமன் ஈரம்தான். கழிச்சல், ஈ, நாற்றம், பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாமல் போவது, எல்லாமே நனைந்த கூளத்தில்தான் தொடங்கும். அதனால் கூண்டு கட்டுவதிலிருந்து தண்ணீர் வைப்பதுவரை எதைச் செய்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனால் உள்ளே ஈரம் கூடுமா, குறையுமா?

வாங்குவதற்கு முன்னால்

வீட்டில் கோழி வளர்க்கலாமா, எத்தனை வளர்க்கலாம், வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கூண்டு வைக்க வேண்டும் என்பது அந்தந்த ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. தீவில் இருந்தால் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் இருந்தால் செபராங் பிறை மாநகர் மன்றம். அலுவலகத்துக்கே போய் நேராகக் கேட்டுவிடுங்கள். புகார் வந்த பிறகு போய்க் கேட்பதில் பிரயோசனம் இல்லை. அடுக்குமாடி, கொண்டோ என்றால் இந்த ஆசையை இப்போதே மூட்டை கட்டி வைத்துவிடலாம். கம்பத்து வீடு, தோட்டத்து வீடு, ஓரளவு கொல்லை உள்ள தாமான் வீடு என்றால் சரி. வரிசை வீட்டில் பின்சுவர் ஒட்டியிருந்தால் நாலு பெட்டைக்கு மேல் போகாதீர்கள்.

சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கூவ ஆரம்பிக்கிற சேவலை எந்த அண்டை வீட்டாரும் மன்னிப்பதில்லை. அது கறுப்புச் சேவலாக இருந்துவிட்டால் முனீஸ்வரர் பூசைக்கு விலை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போகும்.

எந்தக் கோழி என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. முட்டைதான் குறி என்றால் பண்ணைகளில் வளர்க்கிற பழுப்பு நிற முட்டைக்கோழி. நல்ல தீனி கொடுத்தால் முதல் வருடத்தில் 250 முட்டைக்கு மேலேயே இடும், ஆனால் இரண்டு வருடத்துக்கு அப்புறம் சட்டென்று குறைத்துக்கொள்ளும். கம்போங் கோழி வருடத்துக்கு 100 முட்டையை எட்டினாலே பெரிது, இடையிடையே அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம், ஆபத்து வந்தால் மரத்தில் ஏறத் தெரியும். இடமே இல்லை, அழகுக்குத்தான் என்றால் கிளந்தானிலிருந்து வந்த செராமா இருக்கிறது. உலகத்திலேயே சின்னக் கோழி அதுதான், பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. எதுவானாலும் ஒற்றைக் கோழி வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்கிற பிராணி அது, குறைந்தது மூன்று வேண்டும்.

இன்னொன்று, காசு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இதில் இறங்காதீர்கள். 2022 ஜூனில் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்துகிற அளவுக்குத் தட்டுப்பாடு வந்த நாடு இது, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி தின்னும். நாலு கோழிக்கு மாதம் 13 கிலோ பக்கம் வந்துவிடும். அதோடு கூண்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கடை முட்டைதான் மலிவு. முட்டையின் ருசிக்காக, பிள்ளைகளுக்காக, தோட்டத்து எருவுக்காக என்றால் வளர்க்கலாம்.

கூண்டு: முதலில் கூரை, அப்புறம்தான் சுவர்

ஒரு கோழிக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடி, இதுதான் குறைந்தபட்சம். நம் ஊரில் இதைவிடத் தாராளமாக விடுவது நல்லது, ஏனென்றால் நெருக்கம் கூடக்கூட எச்சம் கூடும், எச்சத்தில் பெரும் பகுதி தண்ணீர்தான். ஒரு கோழி தினமும் தன் கூளத்தின்மேல் கொட்டுகிற ஈரத்தை நினைத்துப் பார்த்தால், மழையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று புரியும்.

கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் படும், நீளப் பக்கம் நிழலில் இருக்கும். கூரைக்குத் தகரம் போடலாம், ஆனால் உச்சி வெயிலில் அதன் கீழே அடுப்படிபோல் ஆகிவிடும். கோழி உட்காரும் இடத்துக்குமேல் நல்ல உயரம் விட்டு, முடிந்தால் மேலே ஒரு கொடியையோ கருப்பு வலையையோ படர விடுங்கள். கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் எவ்வளவு நல்ல கூளம் வாங்கிப் போட்டும் பயனில்லை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர், அக்டோபர்வரை சுமத்ரா பக்கமிருந்து வருகிற புயல்மழை விடியற்காலையில் காற்றோடு சாய்ந்து அடிக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது கூண்டின் பாதித் தரையை நனைத்துவிட்டுப் போயிருக்கும். மழை அடிக்கிற பக்கம் எது என்று ஒரு முறை நின்று பார்த்து, அங்கே மட்டும் சுருட்டி இறக்கக்கூடிய தார்ப்பாய் ஒன்று கட்டிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் கம்பிவலையாகத் திறந்தே இருக்கட்டும். பலகை வைத்து அடைத்துவிட்டால் கோழி பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அடைத்த கூண்டில் எச்சத்தின் ஈரமும் அம்மோனியாவும் வெளியே போக வழியில்லாமல் கோழியின் நுரையீரலுக்குத்தான் போகும்.

தரை சுற்றுப்புறத்தைவிட அரை அடியாவது உயரமாக இருக்க வேண்டும். சிமெண்டுத் தரை என்றால் லேசான சரிவு கொடுங்கள். கழுவவும் சுலபம், எலி தோண்டி வரவும் முடியாது. மண் தரையும் கூளத்துக்கு நல்லதுதான், மண்புழுவும் நுண்ணுயிரும் கீழிருந்தே வேலை செய்யும். ஆனால் தாழ்வான கொல்லையில் மண் தரை வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் தண்ணீர் அடியிலிருந்து ஊறி மேலே வரும்.

உட்காரும் கம்பு இரண்டு அங்குல அகலத்தில், முனை மழுக்கி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம். முட்டைப் பெட்டி ஓர் அடிக்கு ஓர் அடி, நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரமான இடம்தான் வேண்டும் என்று அதிலேயே ராத்திரி படுத்து, எச்சம் போட்டு, முட்டையைப் பாழாக்கும்.

எந்தக் கூளம்?

என் ஓட்டு உமிக்குத்தான், அதுவும் பினாங்கில் இருப்பவர்களுக்கு. பெருநிலத்தில் பெனாகா பக்கமெல்லாம் வயல், கொஞ்சம் வடக்கே போனால் கெடா முழுக்க நெல் ஆலை, உமிக்குப் பஞ்சமில்லை. உமி லேசானது, கட்டிப்படாது, கோழி கிளறக் கிளறக் காற்றுப் போய் உலர்ந்துவிடும், சீக்கிரம் மக்காது. குறை ஒன்று உண்டு: தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் மெல்லிய அடுக்காகப் போட்டால் ஈரம் நேராகத் தரைக்கு இறங்கி, மேலே உலர்ந்தாற்போல் காட்டிக்கொண்டு அடியில் சேறாகக் கிடக்கும். நாலு அங்குலமாவது போட வேண்டும். வாங்கும்போது சாக்கைத் திறந்து பாருங்கள். தவிடு கலந்திருந்தால் வண்டும் எலியும் தேடி வரும். நனைந்து காய்ந்த சாக்கு என்றால் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அடித்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சைத்தூள் குஞ்சுகளின் நுரையீரலில் இறங்கினால் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தே செத்துப்போகும்.

அடுத்தது மரச்சீவல். இழைப்புளியில் சுருள் சுருளாக வருவதைச் சொல்கிறேன், அறுப்பு இயந்திரத்தின் கீழே விழும் மாவுபோன்ற தூளை அல்ல. சீவல் உமியைவிட நன்றாக உறிஞ்சும். ஆனால் தளவாடப் பட்டறையில் இலவசமாகத் தருகிறார்கள் என்று மூட்டை மூட்டையாக அள்ளி வருவதற்கு முன் என்ன மரம் என்று கேளுங்கள். ஒட்டுப்பலகை, அழுத்தப்பலகை என்றால் பசை கலந்தது. நம் நாட்டில் தளவாடத்துக்கு அதிகம் போகிற ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் மருந்தில் ஊறவைப்பது வழக்கம். கோழி எதையும் கொத்திப் பார்க்காமல் விடாது என்பதால் மருந்து போடாத மரத்தின் சீவல் மட்டும்தான் சரி. செல்லப்பிராணிக் கடைகளில் பொட்டலமாக விற்பது சுத்தமாக இருக்கும், விலைதான் கையைக் கடிக்கும். இரண்டும் கிடைத்தால் அடியில் இரண்டு அங்குலம் சீவல், மேலே மூன்று அங்குலம் உமி. இதைவிட நல்ல சேர்க்கை நம் தட்பவெப்பத்துக்கு இல்லை.

மற்றவை சுருக்கமாக. வைக்கோல் குழல்போன்றது, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; முட்டைப் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டு வாராவாரம் மாற்றுங்கள். தென்னை நார்த்தூள் தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது, அது செடித்தொட்டிக்குத்தான் லாயக்கு. பெரு மணல் மேய்ச்சல் பகுதிக்கு நல்லது, வடிகால் சரியாக இருந்தால் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடும், எச்சத்தை அள்ளவும் சுலபம். கடல் மணல் உப்பு, வேண்டாம். கொல்லையில் விழுகிற மாவிலை, ரம்புத்தான் இலையெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தால் மேய்ச்சல் பகுதியில் மெல்லியதாகப் பரப்பலாம், கோழிக்கு நாள் முழுக்கப் பொழுது போகும். அரளி இலை மட்டும் கலந்துவிடக் கூடாது, அது விஷம். செய்தித்தாள் வழுக்கும். வழுவழுப்பான தரையில் நிற்கும் குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று, நிற்கவே முடியாமல் போய்விடும்.

ஆழ்கூளம் போடுகிற முறை

தினமும் கூட்டிப் பெருக்கி மாற்றுவது ஒரு வழி. ஆழ்கூளம் இன்னொரு வழி: தடிமனாகப் போட்டு, எச்சத்தை அதிலேயே கிளறி மக்கவிட்டு, மாதக்கணக்கில் வைத்திருப்பது. வீட்டு வளர்ப்புக்கு இரண்டாவதுதான் வசதி, நாற்றமும் குறைவு, கடைசியில் எருவும் கிடைக்கும். ஆனால் உலர்ந்திருக்கும் வரைதான் அது ஆழ்கூளம், நனைந்துவிட்டால் சாக்கடை.

1. மூன்று நாலு நாள் வெயில் இருக்கிற சமயமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தரை எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். காலித் தரையில் தோட்டத்துக்குப் போடுகிற சுண்ணாம்புத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட், லேசாகத் தூவலாம். சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் கோழியின் காலையும் கண்ணையும் பொசுக்கிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2. நாலைந்து அங்குலம் கூளத்தைப் பரப்பிச் சமப்படுத்துங்கள். வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு பலகை அடித்துவிட்டால் வெளியே வாரி இறைக்காது.

3. கம்புக்குக் கீழே ஒரு பலகையோ தட்டோ வையுங்கள். ராத்திரி உட்கார்ந்த இடத்திலேயே நிறைய எச்சம் போடும். அதைக் காலையில் சுரண்டி எடுத்துவிட்டால் கூளத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். என்னைக் கேட்டால், இந்த ஒரு தட்டை வைக்காதவர்கள் ஆழ்கூளத்தைப் பற்றிக் குறை சொல்லவே கூடாது.

4. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறுங்கள். அல்லது கோழியையே கிளற வையுங்கள்: சாயங்காலம் ஒரு பிடி மக்காச்சோளத்தைக் கூளத்தில் இறைத்தால் மூலை முடுக்கெல்லாம் புரட்டிப்போட்டுவிடும்.

5. மேல் அடுக்கு இறுகினாலோ நிறம் மாறினாலோ புதுக் கூளம் ஓரிரு அங்குலம் சேருங்கள். நனைந்த இடம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் அள்ளி வெளியே போட்டுவிட்டு உலர்ந்ததை நிரப்புங்கள். இதை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் நம் வெப்பத்தில் ஈ முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. நடு இடத்தில் கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுங்கள். இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. விரித்த உடனே லேசாகப் பிடித்து, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தால் சரியான பதம். பிடிக்கவே பிடிக்காமல் தூசு பறந்தால் அளவுக்குமீறிக் காய்ந்திருக்கிறது, நம் ஊரில் அது அபூர்வம். அப்புறம் குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்ற உயரத்தில் தெரியாத அம்மோனியா அங்கே மூக்கில் ஏறும். கண் எரிகிற அளவுக்கு இருந்தால் கோழிக்கு ஏற்கெனவே கெடுதல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நாற்றம் வந்தால் சுண்ணாம்பைத் தூவு என்று பலர் சொல்வார்கள். எச்சம் கலந்த கூளத்தில் அதைச் செய்யாதீர்கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும், காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். நாற்றத்துக்கு மருந்து உலர்ந்த கூளமும் காற்றோட்டமும்தான். வாசனைத் தூள் விற்கிறவர்கள் விற்றுக்கொண்டு போகட்டும்.

முழுவதுமாக மாற்றுவதற்கு ஆகஸ்டு நல்ல மாதம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர்வரைதான் மழை உச்சம். பழைய கூளத்தோடு அதில் நுழையாதீர்கள். அடுத்த முறை ஜனவரி பிப்ரவரியில், கொஞ்சம் வறண்ட சமயத்தில். மாற்றும்போது உலர்ந்த பழைய கூளத்தில் ஒரு வாளி எடுத்துப் புதியதில் கலந்துவிட்டால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். கோழிக்கு நோய் வந்திருந்தால் மட்டும் பழையதில் ஒரு பிடிகூட வைக்கக் கூடாது.

தண்ணீர்

கூளத்தை நனைப்பதில் மழைக்கு அடுத்த குற்றவாளி தண்ணீர்த் தட்டு. திறந்த தட்டை வைத்தால் ஏறி நிற்கும், கிளறிக் குப்பையைப் போடும், கவிழ்க்கும். கோழி கொத்தினால் மட்டும் சொட்டுகிற காம்புக் குழாய் வைத்த வாளிதான் நல்லது, பழக ஓரிரு நாள் ஆகும். மணி வடிவக் குடுவை என்றால் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல், கூண்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். ஒரு கோழி சாதாரணமாகக் கால் லிட்டர் குடிக்கும், கடும் வெயிலில் அரை லிட்டர்வரை போகும். தினமும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும், அது கோழிக்காக மட்டுமல்ல. கொல்லையில் எங்காவது தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு கண்டுபிடித்தால் 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் வரும். டிங்கி பரவுகிற தாமானில் சோதனைக்கு வருகிறவர்கள் கோழிக்கூண்டின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்ப்பார்கள்.

தீனி

முட்டையிடும் கோழிக்கு முட்டைக்கோழித் தீவனம்தான் அடிப்படை. புரதம் 16 முதல் 18 சதவீதம், சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் அதில் இருக்கும். குஞ்சுக்கு அதைக் கொடுக்காதீர்கள், அவ்வளவு சுண்ணாம்புச்சத்தைச் சின்னக் குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. குஞ்சுத் தீவனம் தனி. முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கி ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தால் தேவைப்பட்டது தேவைப்பட்ட அளவு எடுத்துக்கொள்ளும்.

சமையல்கட்டு மிச்சம் கொடுக்கலாம், ஆனால் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கங்கோங் காம்பு, முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி விதை எல்லாம் நல்லது. சோறு கொஞ்சம் போடலாம். ஊறுகாய், கருவாடு, உப்புப் போட்ட குழம்பு, அவகாடோ தோல், சாக்லேட் கூடாது. தேங்காய் துருவிப் பிழிந்த சக்கையை அன்றைக்கே கொடுத்தால் சரி. மறுநாளைக்கு வைத்தால் நம் வெக்கையில் ஊசிப்போகும். பூஞ்சை பிடித்த ரொட்டியையும் சோளத்தையும் “கோழிதானே” என்று போடுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு. அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைத்தான் தாக்கும், கோழி மெல்ல மெல்ல இளைக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. தீவனத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள், ஒரு மாதத்துக்குத் தேவையானதுக்கு மேல் வாங்காதீர்கள்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் கதவைத் திறந்ததும் ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வெளியே வருகிறதா, எது பின்தங்குகிறது? நோயை மறைப்பதில் கோழி கெட்டிக்காரி, கூட்டத்தில் பலவீனத்தைக் காட்டினால் மற்றது கொத்தும். அதனால் ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிற அன்று அது தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். கொண்டை சிவந்திருக்க வேண்டும். எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்க வேண்டும். எட்டுப் பத்துக்கு ஒன்று பழுப்பாக, கூழாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு வருவதும் இயல்புதான், பதற வேண்டாம்.

தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கப் பழகுங்கள். கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும். சாயங்காலம் நிறைந்து உருண்டையாக, காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுபோல் இருந்தால் அடைப்பு, தண்ணீர் நிறைந்த பலூன்போல் தளும்பினால் உள்ளே தீனி புளித்துப்போயிருக்கிறது.

முட்டையை மத்தியானத்துக்குள் எடுத்துவிடுங்கள். கிடந்தால் உடையும், உடைந்ததை ஒரு முறை ருசி பார்த்த கோழி அப்புறம் தானே உடைத்துத் தின்னப் பழகிக்கொள்ளும். அழுக்கு இல்லாத முட்டையைக் கழுவாமல் வையுங்கள், ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கும். அழுக்கானதைக் கழுவினால் குளிர்பெட்டியில் வைத்து முதலில் அதைச் சமையுங்கள். கூண்டு வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சுகிற சின்னப் பிள்ளைகளைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், சால்மொனெல்லா அப்படித்தான் வீட்டுக்குள் வரும்.

மத்தியான வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறகை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொள்ளும். அதற்கு வேர்க்காது, மூச்சால்தான் சூட்டை இறக்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இருந்தால் சமாளித்துவிடும். தீனியைக் காலை சீக்கிரமும் வெயில் தாழ்ந்த பிறகும் கொடுங்கள், செரிமானமே உடம்புச் சூட்டைக் கூட்டும். துவண்டு விழுந்த கோழியை ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றாடிக்கு முன் வைத்தால் போதும்.

பேனும் நோயும்

வாரம் ஒரு முறை கோழியைப் பிடித்து ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளைப் பொதியாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. சிவப்பு உண்ணி இப்படிப் பிடிபடாது, அது பகலில் கோழியின்மேல் இருக்காது. இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய்க் கம்பைத் தாங்கியிருக்கும் முனையைத் தூக்கிப் பாருங்கள்; இடுக்கில் மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சிவந்து, ஒரு வெள்ளைத்தாளால் துடைத்தால் ரத்தக்கறை ஒட்டினால், ராத்திரி முழுக்கக் கோழியை உறிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கம்பைக் கழற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, கால்நடை மருத்துவர் சொல்கிற மருந்தை ஒரு வாரம் விட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். ஒரு முறையோடு விட்டால் முட்டையிலிருந்து பொரிந்தது திரும்பத் தொடங்கும். கூரையின் கீழ் ஒரு பழைய டயரிலோ தொட்டியிலோ காய்ந்த மண்ணும் மணலும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் கோழி புழுதிக் குளியல் போட்டுப் பேனை ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். நனைந்தால் சாம்பல் காரமாகித் தோலை அரிக்கும், அப்போது மாற்றிவிடுங்கள்.

இரத்தக்கழிச்சல் நனைந்த கூளத்தின் நேரடி விளைவு. மூன்று வாரம் தாண்டிய குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். எச்சத்தில் ரத்தம் கண்ட அன்றே மருந்துக்கு ஓடுங்கள், அதோடு கூளத்தையும் அன்றே மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை. கோழி அம்மையைக் கொசு பரப்பும், கொண்டையிலும் கண்ணோரத்திலும் கரும்புண்ணாக வரும். வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, தடுப்பூசிதான் ஒரே வழி. அதைப் பற்றி மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோழி காரணம் தெரியாமல் செத்தால் அறுத்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள், கொல்லையில் புதைத்துவிட்டும் சும்மா இருக்காதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். 2004இலும் மறுபடி 2017இலும் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்த நாடு இது.

ராத்திரி விருந்தாளிகள்

அறுகோண ஓட்டைபோட்ட மெல்லிய கம்பிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கட்டமுள்ள தடித்த பற்றவைப்பு வலை வாங்குங்கள். அதை அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்புறமாக மடித்து மண்ணால் மூடிவிட்டால் தோண்டி வருகிற நாய் அங்கேயே நின்றுவிடும். மூசாங், அதாவது மரநாய், தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கும், அதனால் கொக்கியோடு ஒரு பூட்டும் போடுங்கள். பியாவாக், அதாவது உடும்பு, பகலிலேயே வந்து முட்டையை எடுக்கும். மலைப்பாம்பு வந்தால் கோழியை விழுங்கிவிட்டு வந்த ஓட்டை வழியே திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். வெட்டப் போகாதீர்கள், வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் போட்டால் வந்து பிடித்துப் போவார்கள்.

பழைய கூளத்தை என்ன செய்வது

நேராகச் செடிக்குக் கொட்டினால் வேர் கருகும். கூண்டிலிருந்து வாரியதை ஒரு மூலையில் இடுப்பளவு குவித்து, காய்ந்த இலை கலந்து, தண்ணீர் தெளித்து, மழை படாமல் மூடி வையுங்கள். நடுவில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும், ஏற வேண்டும், அதில்தான் கிருமியும் களைவிதையும் சாகும். வாரம் ஒரு முறை புரட்டுங்கள். உமி சீக்கிரம் மக்காது என்பதால் மூன்று நாலு மாதம் பொறுக்க வேண்டும். எச்ச நாற்றம் போய் மண்வாடை வந்த பிறகு கத்தரி, மிளகாய், வாழைக்கு அள்ளிப் போடலாம். கீரைபோல் பச்சையாகத் தின்பதற்கு என்றால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் விட்டுவிட்டுப் போடுங்கள். மிஞ்சியதை அரிசிச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தால் தாமானில் செடி வைத்திருக்கும் அக்காமார்கள் மறுநாளே எடுத்துப் போய்விடுவார்கள்.